வரைபடத்தின் நிறமும் எமது காணியும்

மீள்குடியேற்றக் கூட்டமொன்றில் நிற வரைபடம் விரிக்கப்பட்டால் நாம் முதலில் எமது ஊரைத் தேடுகிறோம். அது பச்சையாக இருந்தால் மனம் ஆறுகிறது. சிவப்பாக இருந்தால் திடுக்கிடுகிறது. அந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் குறைவு.

இத்தகைய படம் பிள்ளைகளின் சதுரக்கோட்டுக் கொப்பியைப் போன்றது. நிலம் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இடப்படுகிறது. 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் உலக நிலப்பரப்பில் ஏறக்குறைய 80 வீதத்தின் உயரத்தை ராடர் மூலம் அளந்தது. அதில் ஒரு கட்டம் சுமார் 30 மீற்றர் நீள அகலமுடையது. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்ற கணக்கில், மூன்றரைப் பரப்புக் காணிக்கு ஓர் எண். கணினி அந்த எண்ணுக்கு நிறம் பூசுகிறது. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பதைத் தீர்மானிப்பவர் மனிதரே.

இலங்கையின் உயரப் படத்தைப் பார்ப்போம். பீதுருதாலகால மலையின் உயரம் 2524 மீற்றர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெரும்பகுதி 10 மீற்றருக்கும் குறைவு. பூச்சியம் முதல் 2524 வரை நிறங்களைச் சமமாகப் பங்கிட்டால் குடாநாடு முழுவதும் ஒரே பச்சை. மேட்டுக் காணியும் மாரியில் வெள்ளம் நிற்கும் பள்ள வயலும் ஒன்றாகவே தெரியும். பூச்சியம் முதல் 10 வரை பங்கிட்டால் இரண்டும் பிரிந்து தெரியும். எண்கள் மாறவில்லை, நிறங்களே மாறின. தாழ்நிலத்துக்குப் பச்சை பூசுவது பழைய வழக்கம் என்பதையும் மறக்கக் கூடாது. அது பயிர்ச் செழிப்பின் அடையாளமல்ல.

ஆனால் இந்த அளவையில் சில மீற்றர் பிழை இருக்கலாம். பனங்கூடலில் பட்ட ராடர் அலை மரத்தின் உயரத்தையும் ஓரளவு சேர்த்துவிடும். ஆகவே ஒரு மீற்றர் வித்தியாசத்துக்கு இரு நிறம் காட்டும் படத்தை மட்டும் நம்பி வீட்டுக்கு அத்திவாரம் போடக் கூடாது. எந்த மாரியில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று ஊர் முதியோரையும் கேட்க வேண்டும்.

நிறம் தெரிவதற்குச் சில விதிகள் உண்டு:

• உயரம், மழை போன்ற கூடுதல் குறைவுக்கு: வெளிறியதிலிருந்து கடும் நிறம்வரை ஒரே வரிசை.

• மழை வழமையைவிடக் கூடியதா, குறைந்ததா எனக் காட்ட: நடுவில் வெளிறிய நிறம், இரு புறமும் இரு வேறு நிறங்கள்.

• காடு, வயல், குளம் போன்ற வகைகளுக்கு: ஒன்றோடொன்று மயங்காத தனித்தனி நிறங்கள்.

வானவில் நிறங்கள் கண்ணுக்கு அழகு. ஆனால் பச்சை கூடியதா மஞ்சள் கூடியதா என்று அவற்றில் விளங்காது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்களும், குறிப்பாக ஆண்கள், எம்மிடையே உள்ளனர். உயரப் படமானால் கறுப்பு வெள்ளையில் போட்டோப் பிரதி எடுத்துப் பாருங்கள். அதிலும் மேடு பள்ளம் விளங்கினால் நிறத்தெரிவு நல்லது.

அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நிறங்களின் விளக்கம் எங்கே? எந்த எண்ணில் ஒரு நிறம் முடிந்து மற்றது தொடங்குகிறது? அளவை எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது? எல்லையை 4 மீற்றரில் வைத்தால் பாதுகாப்பாகத் தெரியும் காணி, 5 மீற்றரில் வைத்தால் வெள்ளக் காணியாகிவிடலாம். அந்தக் காணி உங்களுடையதாக இருக்கலாம்.