மின்நிலையத்திலும் மின்வெட்டா?

"மின்சாரம் செய்கிறவர் நீங்கள், உங்கள் குவார்ட்டர்ஸிலேயே இருட்டா?" சங்கத்து அன்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

உத்தரப் பிரதேசத்தில் அனல் மின்நிலையம் ஒன்றில் ஷிப்ட் பொறியாளராக இருந்தேன். நிலக்கரி அரைக்கும் மில், காற்றூதும் விசிறி, கொதிகலனுக்கு நீர் தள்ளும் பம்பு எல்லாமே மின்சாரத்தில்தான் ஓடும். செய்வதில் 100-க்கு 6, 7 பங்கை நாங்களே தின்றுவிடுகிறோம்!

2012 ஜூலை 30 பின்னிரவில் வட இந்திய மின்தொகுப்பு சரிந்தபோது அத்தனையும் நின்றன. அந்நேரத்துக் கவலை விளக்கல்ல, டர்பைன். நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றிய தண்டு. எண்ணெய் நின்றால் பேரிங் உருகிவிடும். பேட்டரியில் ஓடும் எண்ணெய்ப் பம்பு கிளம்பியதைப் பார்த்த பிறகே எனக்கு மூச்சு வந்தது. தோசைக்கல்லைப் போல ஆறட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. சூடு தணியும்வரை தண்டைக் கையாலாவது மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும்; இல்லையேல் வளைந்துவிடும்.

மறுபடி அடுப்பு மூட்ட மின்சாரம் கடன் வாங்க வேண்டும். அன்று அண்டை மண்டலங்களும், மதகு திறந்ததும் ஓடக்கூடிய நீர்மின் நிலையங்களும் கொடுத்து உதவின. வந்த மின்சாரம் முதலில் எங்கள் பம்புகளுக்கு, குவார்ட்டர்ஸுக்கு அப்புறம்தான்.