'வைஃபை கார்டு போயிடுச்சு' என்றார் கடைக்காரர்... உண்மையில் என்ன ஆகியிருந்தது? பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போடுகிறவர்களுக்கு ஒரு கைடு!

"டேய், வைஃபை கார்டு போயிடுச்சாம்டா. புதுசு போட 1,800 ரூபாய் ஆகும்னு கடைக்காரர் சொல்றாரு. போடலாமா, வேணாமா?"

திண்டிவனத்திலிருந்து சித்தி போன் செய்தபோது தங்கைக்கு பொறியியல் கலந்தாய்வு நடந்துகொண்டிருந்தது. விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்த இரண்டு நாள்தான் பாக்கி. வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் சித்தப்பாவோடு காலையில் வேலைக்குப் போனால், இரவு ஒன்பது மணிக்குத்தான் திரும்பும். மிச்சம் இருப்பது, அண்ணன் ப்ளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த இலவச லேப்டாப்.

அதில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்ததே நான்தான். பழைய விண்டோஸில் ஒரு ஃபோல்டர் திறக்கவே டீ குடித்துவிட்டு வரலாம் என்ற நிலை. லினக்ஸ் போட்டதும் லேப்டாப் வேகமாகிவிட்டது, ஆனால் வைஃபை சின்னத்தையே காணோம். 'விண்டோஸிலும் ரொம்ப நாளா வைஃபை எடுக்கல' என்று அப்போதுதான் மெதுவாகச் சொன்னார்கள். கடைக்காரர் சொன்னதை எல்லோரும் நம்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தச் சிக்கல் சித்தி வீட்டோடு முடிவதில்லை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் பிராசஸரும் டிபிஎம் 2.0 வசதியும் பழைய லேப்டாப்களில் இல்லை. அதனால் பலரும் லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். வந்ததும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் நெட்வொர்க் கார்டுதான்.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு லினக்ஸ் புதிதும் அல்ல. அரசு லேப்டாப்களில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே வந்தது. நம்மில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம் என்பது வேறு கதை!

கார்டு உயிரோடு இருக்கிறதா?

கடைக்குப் போவதற்கு முன் இதைப் பாருங்கள். டெர்மினலைத் திறந்து, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் எல்-எஸ்-பி-சி-ஐ என்று ஐந்து எழுத்து அடியுங்கள். மதர்போர்டில் பிசிஐ வழியாக இணைந்திருக்கும் எல்லாப் பாகங்களையும் வரிசையாகக் காட்டும். அந்தப் பட்டியலில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்று ஒரு வரி வந்தால், கார்டு கம்ப்யூட்டரோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். செத்துப்போன கார்டு பொதுவாக இந்தப் பட்டியலுக்கு வராது. யுஎஸ்பி-யில் செருகும் டாங்கிள் என்றால் எல்-எஸ்-யு-எஸ்-பி.

தங்கையை வீடியோ காலில் வைத்துக்கொண்டு இதைச் செய்யச் சொன்னேன். வரி வந்தது. 1,800 ரூபாய் அந்த நொடியே மிச்சம்.

அடுத்து அதே கட்டளைக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடு போட்டு, 'கே' சேர்த்து அடியுங்கள். இப்போது ஒவ்வொரு பாகத்தின் கீழும், அதை இயக்கும் டிரைவர் எது என்று தெரியும். எங்கள் வைஃபை வரிக்குக் கீழே 'டிரைவர் இன் யூஸ்' என்ற வரியே இல்லை. வண்டி ஷெட்டில் நிற்கிறது, ஓட்டத்தான் ஆள் இல்லை.

ஃபர்ம்வேர் என்ற தனிப் பஞ்சாயத்து

டிரைவர் இருந்தும் வேலை செய்யாத கார்டுகளும் உண்டு. பல வைஃபை சிப்களுக்கு உள்ளேயே ஒரு குட்டி புரோகிராம் ஓட வேண்டும். அதுதான் ஃபர்ம்வேர். கம்ப்யூட்டர் ஆன் ஆகும் ஒவ்வொரு முறையும் டிரைவர் அதை எடுத்து கார்டுக்குள் ஊட்டிவிட வேண்டும். அந்த ஃபைல் ஹார்டு டிஸ்க்கில் இல்லாவிட்டால் கார்டு கண்ணையே திறக்காது.

இதைக் கண்டுபிடிக்க டி-மெசேஜ் என்ற கட்டளை உண்டு (டி, எம், இ, எஸ், ஜி என அடிக்க வேண்டும்; முன்னால் 'சுடோ' சேர்ப்பது நல்லது). லினக்ஸின் கர்னல் எழுதும் டைரி அது. 'ஃபர்ம்வேர் லோடு ஆகவில்லை, எரர் மைனஸ் 2' என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், கேட்ட ஃபைல் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அந்த வரியிலேயே ஃபைலின் பெயரும் இருக்கும். சம்பந்தப்பட்ட பேக்கேஜை நிறுவினால் பெரும்பாலும் முடிந்தது.

ஏன் முதலிலேயே சேர்த்துக் கொடுக்கவில்லை? இந்த ஃபர்ம்வேர்களில் பெரும்பாலானவற்றுக்கு சோர்ஸ் கோடு கிடையாது. 'சுதந்திர மென்பொருள் மட்டுமே' என்று நின்ற டெபியன், இவற்றை வெகுகாலம் தனியாகவே வைத்திருந்தது. 2022-ல் அதன் டெவலப்பர்கள் ஓட்டெடுப்பு நடத்தி முடிவை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல், நிறுவும் ஃபைலிலேயே ஃபர்ம்வேரும் வருகிறது. கொள்கையாக எனக்குப் பழைய நிலைப்பாடுதான் பிடிக்கும். ஆனால் கலந்தாய்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கொள்கை பேச முடியுமா?

நெட் வர நெட் வேண்டும்!

டிரைவரோ ஃபர்ம்வேரோ, இறக்குவதற்கு இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட்தான் இல்லையே! பலர் லினக்ஸைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். வழி சுலபம். ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் இணைத்து, போன் செட்டிங்ஸில் 'யுஎஸ்பி டெதரிங்'கை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அந்த போனை ஒரு லேன் கார்டாகவே எடுத்துக்கொள்ளும். தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை. ஒன்று மட்டும் கவனம்: சார்ஜ் மட்டுமே ஏற்றும் மலிவு கேபிள்கள் இருக்கின்றன, அவை உதவாது.

சித்தப்பா இரவு வீட்டுக்கு வந்ததும் அவர் போனைச் செருகினோம். மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்' திறந்ததும், எங்கள் கார்டுக்கான டிரைவரை அதுவே காட்டியது. நிறுவி ரீஸ்டார்ட் செய்தோம். வைஃபை சின்னம் வந்தது. "அண்ணா, வந்துடுச்சு!" என்று தங்கை கத்தினாள். ஆனால் ஒரு நெட்வொர்க் பெயர்கூட வரவில்லை.

கட்டளைக்கு மசியாத பூட்டு

இங்கேதான் ஆர்-எஃப்-கில். 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்று அடித்தால் இரண்டு வரி வரும். ஒன்று சாஃப்ட் பிளாக், இன்னொன்று ஹார்டு பிளாக். சாஃப்ட் பிளாக் 'யெஸ்' என்றால், அதே கட்டளையில் 'லிஸ்ட்'டுக்குப் பதிலாக 'அன்பிளாக் ஆல்' என்று அடித்தால் விலகிவிடும். ஹார்டு பிளாக் 'யெஸ்' என்றால் டெர்மினலில் தலைகீழாக நின்றாலும் நடக்காது. கீபோர்டில் விமானப் படமோ ஆன்டெனா படமோ போட்ட பட்டனையும், லேப்டாப்பின் ஓரங்களில் இருக்கும் நகரும் சுவிட்ச்சையும் தேட வேண்டும்.

எங்களுக்கு ஹார்டு பிளாக், யெஸ். "ஓரத்துல ஏதாவது குட்டி சுவிட்ச் இருக்கா பாரு" என்றேன். "இல்லண்ணா, முன்னாடி உடைஞ்சிருக்கு, அண்ணன் டேப் ஒட்டியிருக்கான்" என்றாள். கறுப்பு இன்சுலேஷன் டேப். பிரித்துப் பார்த்தால், அதற்கடியில் நகத்தளவு சுவிட்ச், ஆஃப் பக்கம் தள்ளப்பட்டு. விண்டோஸிலும் வைஃபை எடுக்காத மர்மம் அதோடு விலகியது.

இன்னும் சில இடங்கள்

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்தே இருக்கும் லேப்டாப்பில், விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' சில சமயம் கார்டை அரைத்தூக்கத்தில் விட்டுவிடும். அதை ஆஃப் செய்து, முழுதாக ஷட் டவுன் செய்துவிட்டு லினக்ஸுக்கு வாருங்கள். புது லேப்டாப்களில், வெளியிலிருந்து நிறுவிய டிரைவரை 'செக்யூர் பூட்' தடுக்கலாம்.

வைஃபை இணைந்தும் பக்கம் திறக்கவில்லையா? 8.8.8.8-க்கு 'பிங்' அடித்துப் பாருங்கள். பதில் வந்தும் இணையதளப் பெயர்கள் மட்டும் திறக்காவிட்டால், கோளாறு டிஎன்எஸ்ஸில். கார்டைக் குறை சொல்லாதீர்கள். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் உங்களுக்கு முகவரியே கொடுக்கவில்லை.

கார்டு நிஜமாகவே போயிருந்து டாங்கிள் வாங்குவதானால், பெட்டியில் 'லினக்ஸ்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் சிப்பின் பெயரைக் கேளுங்கள். ஏதரோஸ் ஏஆர்9271 போன்ற சிப்களுக்கு டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது.

அன்று இரவு பதினொன்றரைக்கு தங்கை கல்லூரிப் பட்டியலை வரிசைப்படுத்தத் தொடங்கினாள். மறுநாள் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். டேப்பை வெட்டி சுவிட்ச் தெரியும்படி ஒட்டி, பக்கத்தில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு புள்ளி வைத்திருந்தாள். கீழே, 'அண்ணன் மறுபடி மூடாம இருக்க' என்று ஒரு வரி.