கயிறு நீண்டால் வண்டி பிழைக்கும்

மணலில் வண்டி புதைந்ததும் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம், ஆக்சிலேட்டரை மிதிப்பது. சக்கரம் சுழலும், குழி ஆழமாகும், வண்டியின் அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிடும். பிறகு யாராவது ஒரு லாரிச் சங்கிலியைக் கொண்டுவந்து இன்னொரு வண்டியில் மாட்டி, “ஒரே வெட்டா வெட்டி இழுங்க” என்பார்கள். ஆபத்து இருப்பது அந்த ஒரு வெட்டில்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இழுக்கும் வண்டி 2 டன். வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர். அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 7,700 ஜூல். இணைப்பு இறுகும் கணத்தில் இந்த ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். சங்கிலி நீளாது. சங்கிலியும் சேஸிஸும் சேர்ந்து 5 சென்டிமீட்டர் விட்டுக்கொடுத்து அவ்வளவு ஆற்றலையும் வாங்குவதாக வைத்துக்கொண்டால், சராசரி விசை 15 டன்னைத் தாண்டும். அதே வேலையை 70 சென்டிமீட்டர் நீளும் நைலான் கயிறு செய்தால் சராசரி ஒரு டன் சொச்சம்தான். உச்சத்தில் அதைப்போல் இரு மடங்கு. கயிறு ஆற்றலை வாங்கி வைத்துக்கொண்டு நிதானமாகத் திருப்பித் தருகிறது. புதைந்த வண்டி அடி வாங்காமல் எழுந்து வருகிறது. வேகத்தை 20 ஆக்கினால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதையும் ஓட்டுநர் நினைவில் வைக்க வேண்டும்.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. நைலானா, பாலியஸ்டரா என்பது. பாலியஸ்டர் பட்டை அதிகம் நீளாது. பழுதான வண்டியைச் சாலையில் மெல்ல இழுத்துப் போகவும், கம்பியை உருளையில் சுருட்டி இழுக்கும் வின்ச்சுக்காக மரத்தைச் சுற்றிக் கட்டவும் அது போதும். வெட்டி இழுக்க அது உதவாது. ‘கைனெடிக்’ கயிறு எனப்படும் பின்னல் நைலான் தன் நீளத்தில் 20 முதல் 30 சதவீதம் வரை நீளக்கூடியது.

அடுத்தது, அறுபடும் வலு. ஆஸ்திரேலியாவில் இத்தகைய பட்டைகளுக்குச் சட்டப்படியான பாதுகாப்பு விதியே உண்டு. அங்கே ஒட்டப்படும் எச்சரிக்கைச் சீட்டு, வண்டியின் மொத்த எடையைப்போல் 2 முதல் 3 மடங்கு வலு இருக்கட்டும் என்கிறது. இரண்டு வண்டிகளில் இலகுவானதையே கணக்கில் கொள்ளச் சொல்கிறது. சுமையோடு 2.5 டன் வரும் வண்டிக்கு 5 முதல் 7.5 டன். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 15 டன் கயிறு வாங்குவது வீண் செலவு மட்டுமல்ல. அந்தத் தடிமனுக்கு அது சரியாக நீளாது. சங்கிலிக்குப் பக்கத்தில் போய்விடும். வலு எண்ணே அச்சிடாத கயிறு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

நீண்ட கயிறு ஓர் உண்டிவில். அதன் முனையில் உள்ள எதுவும் கழன்றால் கல்லாகப் பாயும். டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில் கயிறு போட்டு இழுத்து, அது முறிந்து பறந்து உயிர்கள் போயிருக்கின்றன. பல கார்களின் பம்பரில் திருகி மாட்டும் வளையமும் சமதரையில் இழுத்துச் செல்லத்தான். புதைந்த வண்டியை வெட்டி இழுக்க அல்ல. சேஸிஸில் போல்ட் போட்டு இறுக்கிய, எடை குறிக்கப்பட்ட கொக்கியே வேண்டும். கயிற்றைக் கொக்கியோடு பூட்டும் இரும்பு ஷேக்கிளில் ‘4.75 டன்’ என்று பொறித்திருந்தால் அது வேலைச்சுமை. தரமானவற்றில் அறுபடும் வலு அதைப்போல் பல மடங்கு. செயற்கை இழையில் பின்னிய மென்ஷேக்கிள் எடை குறைவு, பறந்தாலும் இரும்பளவு சேதம் செய்யாது. ஆனால் கூரான விளிம்பும் சூடும் அதற்கு ஆகாது.

காசை மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் உண்டு. என்னைக் கேட்டால் முதலில் வாங்க வேண்டியவை காற்றழுத்தமானி, சிறிய ஏர் கம்ப்ரஸர், மண்வெட்டி. 35 பிஎஸ்ஐ டயரை 18க்கு இறக்கினால் தரையைத் தொடும் பரப்பு நீளும். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். மிகவும் இறக்கினால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும் என்பதால் அளவு பார்க்கத்தான் அந்த மானி. சக்கரத்துக்கு முன்னால் உள்ள மண்ணை வெட்டி எடுத்தால் தேவைப்படும் இழுவிசையே குறைந்துவிடும். சக்கரத்தடியில் செருகும் பிளாஸ்டிக் பலகைகளில் மலிவானதே போதும். அவற்றின் பற்களை உருக்குவது பெரும்பாலும் விலை அல்ல, சக்கரத்தைச் சுழலவிடும் கால்தான். தனியாகப் போகாதவருக்கு வின்ச் அவசரமில்லை. அப்படியே வாங்கினாலும், பெட்டியில் போட்டிருக்கும் இழுதிறன் உருளையின் முதல் சுற்றுக்கு மட்டுமே பொருந்தும். கம்பி அடுக்கடுக்காக ஏற ஏற அது குறையும்.

இழுக்கும்போது வேடிக்கை பார்ப்பவர்களை விலக்குங்கள். கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம், அதாவது 9 மீட்டர் கயிற்றுக்குப் பதின்மூன்றரை மீட்டர், பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும். கயிறு போகும் கோட்டில் யாரும் கூடாது. நைலான் நனைந்தால் 10 முதல் 15 சதவீதம் வலு இழக்கும், காயவைத்துச் சுருட்டுங்கள். இழை அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டு மறுபடி வண்டியில் மாட்டாதீர்கள்.