இருமுறை எழுதப்பட்ட கடிதம்



1542ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10ஆம் திகதி உரோமையிலிருந்து ஜேர்மனிக்கு ஒரு கடிதம் எழுதப்பட்டது. எழுதியவர் இயேசு சபையைத் தோற்றுவித்த புனித இஞ்ஞாசியார். அதைப் பெறவிருந்தவர் அவருடைய முதற் தோழர்களில் ஒருவராகிய அருட்தந்தை பேதுரு பேபர். இத்தகைய இருவருக்கிடையே செல்லும் மடலில் உயர்ந்த ஞான போதனைகளையே நாம் எதிர்பார்ப்போம். ஆனால் அம்மடலின் பெரும்பகுதி, கடிதத்தை எவ்வாறு எழுதவேண்டும் என்பதைப் பற்றியே பேசுகின்றது!

அக்காலத்தில் தூரதேசங்களில் பணியாற்றிய குருக்களின் மடல்களைக் காண உரோமையில் பலரும் ஆவல் கொண்டிருந்தனர். ஆயினும் வந்த மடல்களிலே நற்செய்திகளும், தனிப்பட்ட மனக்குறைகளும், பிறரைப் பற்றிய பேச்சுகளும் ஒழுங்கின்றிக் கலந்திருந்தபடியால் அவற்றை எவருக்கும் காட்ட முடியாத சங்கடம் இஞ்ஞாசியாருக்கு ஏற்பட்டது. எனவே அவர் ஒரு முறைமையை வகுத்தார். எல்லோரும் வாசிக்கக்கூடிய பிரதான மடலை முதலில் ஒருமுறை எழுதவேண்டும். இது பலர் கண்ணிலும் படும் என்ற நினைவோடு அதனை வாசித்துத் திருத்தவேண்டும். பின்னர் மறுபடியும் எழுதியே அனுப்பவேண்டும். மனந்திறந்து பேசவேண்டியவற்றை வேறு தாள்களிலே எழுதி உடன் வைக்கலாம். தாமும் அவ்விதமே செய்வதாக அவர் குறிப்பிடுகிறார். வாய்ச்சொல்லைக் காட்டிலும் எழுத்துக்கு அதிக கவனம் தேவை, ஏனெனில் எழுத்து நிலைத்திருந்து எக்காலத்தும் சாட்சி சொல்லும் என்பதே அவர் காட்டும் காரணம்.

மையும் இறகுப் பேனாவும் கொண்டு, ஒரு கடிதம் போய்ச்சேர வாரக்கணக்கில் காத்திருந்த ஒருவர் இரண்டாம் முறையும் எழுதினார். ஒரு நொடியில் நூறு பேரைச் சென்றடையும் கைத்தொலைபேசியை வைத்திருக்கும் நாமோ முதல் முறை எழுதியதையே திரும்ப வாசிப்பதில்லை. பல வேளைகளில் நாம் எழுதுவதுகூட இல்லை; யாரோ எழுதியதை, இறுதிவரை வாசிக்காமலே, அடுத்த வட்ஸ்அப் குழுவிற்குத் தள்ளிவிடுகின்றோம்.

இதன் விலை என்ன என்பதை நமது நாடு நன்கறியும். 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் கண்டி மாவட்டத்திலே முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, வெறுப்பைப் பரப்பிய பதிவுகள் முகநூலில் தங்குதடையின்றி உலாவின. அவ்வன்முறைக்குத் தமது தளம் பயன்படுத்தப்பட்டமைக்காக 2020ஆம் ஆண்டில் அந்நிறுவனமே மன்னிப்புக் கோரியது. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் வழிபாட்டிற்குக் கூடியிருந்த நம்மவர் கொல்லப்பட்டனர். சில தினங்களின் பின் பொலிஸார் வெளியிட்ட சந்தேக நபர்களின் படங்களில், இக்கொடுமையோடு எவ்விதத் தொடர்புமில்லாத, அமெரிக்காவில் வாழும் ஓர் இளம் பெண்ணின் படமும் தவறுதலாக இடம்பெற்றிருந்தது. பொலிஸார் தவறை ஏற்றுத் திருத்தினர். ஆனால் அதற்குள் அந்தப் படம் கைமாறிக் கைமாறிச் சென்றுவிட்டது; அப்பெண்ணுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அப்படத்தைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் தீய மனிதர்கள்? பெரும்பாலானோர் துயரத்திலும் கோபத்திலும் இருந்த சாதாரண மக்களாகவே இருந்திருப்பர். அதுவே சிந்திக்கத்தக்கது.

"நாங்கள் அப்படியான எதையும் போடுவதில்லை, நல்ல காரியங்களையே போடுகிறோம்" என்று நீங்கள் கூறலாம். சரி, நல்ல காரியங்களையே எடுத்துக்கொள்வோம். ஒரு சங்கமோ ஆலய இளைஞர் மன்றமோ வறிய குடும்பங்களுக்கு உலர் உணவுப் பொதிகளை வழங்குகின்றது. வழங்குபவர் ஐவர் வரிசையாக நிற்க, நடுவே ஒரு தாய் பொதியின் ஒரு முனையைப் பிடித்தபடி நிற்கிறார். அவர் கமெராவைப் பார்ப்பதில்லை, நிலத்தைப் பார்க்கிறார். அருகிலே அப்பியாசக் கொப்பிகளை ஏந்திய பிள்ளை. அன்று மாலையே படம் முகநூலில். மறுநாள் அப்பிள்ளையின் வகுப்பிலுள்ள எவரும் அதைப் பார்க்கலாம். பத்தாண்டுகள் கழித்து அவள் தொழில் தேடிச் செல்லும்போதும் பார்க்கலாம். அரிசியும் பருப்பும் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். படம் தீர்வதில்லை.

தருமம் செய்யும்போது தமக்கு முன்னே எக்காளம் ஊதுவிப்போரைப் பற்றி ஆண்டவர் மலைப்பொழிவிலே எச்சரித்தார். பாவம், அவர்களது எக்காளம் ஒரு தெருவுக்கு மட்டுமே கேட்டிருக்கும்!

நன்கொடை தந்தவர்களுக்குக் கணக்குக் காட்டவேண்டாமா என்ற கேள்வி எழலாம். நியாயமான கேள்விதான். இங்கேதான் இஞ்ஞாசியாரின் வேறு தாள் நமக்கு உதவுகின்றது. பணம் அனுப்பிய கனடாவிலுள்ள அன்பருக்குப் பற்றுச்சீட்டும் விபரமும் தனியாக அனுப்பலாம். ஊரார் யாவரும் பார்க்கும் பக்கத்திலே, அடுக்கிவைக்கப்பட்ட பொதிகளின் படமும் எத்தனை குடும்பங்கள் பயனடைந்தன என்ற ஒரு வரியும் போதாதா? மரண வீட்டு நேரலையையும் இவ்வாறே நோக்கலாம். வரமுடியாத மகன் இலண்டனிலிருந்து தன் தாயின் இறுதி ஆராதனையைக் காண்பது பெரிய ஆறுதல். அதைக் குறைகூற எவருக்கும் மனம் வராது. ஆனால் அந்த நேரலை குடும்பத்தாருக்குரிய தாளா, உலகத்தாருக்குரிய தாளா என்பதை ஒருவர் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும்.

2025ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் புனிதராக அறிவிக்கப்பட்ட கார்லோ அகூதிஸ் என்ற இத்தாலிய இளைஞனை உங்கள் பிள்ளைகள் அறிந்திருப்பார்கள். 2006ஆம் ஆண்டு, 15 வயதில், இரத்தப் புற்றுநோயால் இறந்தவர். கணினியை நேசித்த அவர், வீடியோ விளையாட்டுக்கு வாரத்தில் ஒரு மணித்தியாலம் மாத்திரமே தனக்கு அனுமதித்திருந்தார். மிகுதி நேரத்தில், நற்கருணை அற்புதங்களைப் பற்றிய தகவல்களைச் சில ஆண்டுகளாகத் தேடித் திரட்டி, ஒழுங்குபடுத்தி, ஓர் இணையத்தளத்தை உருவாக்கினார். நாள்தோறும் எதையாவது பதிவிடவேண்டும் என்ற பரபரப்பு அவரிடம் இருக்கவில்லை. ஒரே காரியம், அதுவும் பொறுமையாக. இன்று நாளுக்குப் பத்துக் காணொளிகளைப் பகிரும் நமது இளையோரின் திறமை அவருடையதிலும் குறைந்ததன்று. அத்திறமைக்கு ஓர் எல்லையும் ஒரு நோக்கமும் வகுத்துக் கொடுப்பாரில்லை என்பதே என் எண்ணம்.

உங்கள் ஆலயத் திருவிழாவிலும் ஐந்நூறு, அறுநூறு படங்கள் எடுக்கப்படும். அவற்றை அன்றிரவே கொட்டிவிடாமல், இளையோர் நான்கு பேர் மறுநாள் ஒன்றாக அமர்ந்து பத்துப் படங்களைத் தெரிவு செய்யட்டும். ஒவ்வொன்றின் கீழும் எழுதவேண்டிய இரண்டு வரிகளை முதலில் ஒரு கொப்பியிலே எழுதி, படத்தில் இருப்பவரின் தாய் அதை வாசித்தால் என்ன நினைப்பார் என்று ஒருவரையொருவர் கேட்டு, திருத்தி, பின்னர் கைத்தொலைபேசியை எடுக்கட்டும். ஒருநாள் பிந்திவிட்டதே என்று யாராவது குறைப்பட்டால், 1542இல் பேபர் அவர்கள் அந்தக் கடிதத்திற்காக எத்தனை நாள் காத்திருந்திருப்பார் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.