முதியோர்க்கு எழுத்தறிவிக்கப் புகுவோரும் நேர்முகப் பரீட்சையும்

சிறுவனுக்கு அரிச்சுவடி கற்பித்தலும் நாற்பது வயது கடந்த ஒருவர்க்கு எழுத்தறிவித்தலும் ஒரே தொழிலென எண்ணுவார் பலர். எழுத்து இரண்டிடத்தும் ஒன்றே. மாணாக்கர் ஒருதன்மையர் அல்லர். சிறுவன் தன் அறியாமை குறித்து நாணுவதில்லை. முதியவரோ பள்ளிக்கூடத்தில் ஒருமுறை தோற்று, அத்தோல்வியை மனைவி மக்களுக்கும் மறைத்து, ‘கண்ணாடியை வீட்டிலே மறந்துவிட்டேன், நீரே வாசித்துச் சொல்லும்’ என்று பிறரிடங் கூறியே பல்லாண்டு கழித்தவராயிருத்தல் கூடும். அவர் மீண்டும் ஒரு வகுப்பறை வாயிலை மிதிப்பது எளிதான செயலன்று. முதல் நாளிலேயே மனம் புண்பட்டால் மறுமுறை வாரார். இத்தகையோர் முன் எவரை ஆசிரியராக நிறுத்துவது என்னும் வினாவே, இங்கிலாந்தில் முதியோர் எழுத்தறிவு ஆசிரியப் பயிற்சிக்கு ஆள் தெரியும் நேர்முகப் பரீட்சையின் உயிர்நிலை எனலாம்.

1870ஆம் ஆண்டிலேயே தொடக்கக் கல்விச் சட்டம் இயற்றிய நாடு அது. எனினும் நூறாண்டு கழிந்தபின், எழுத வாசிக்க இடர்ப்படும் முதியோர் இருபது இலட்சம் பேர் உளர் எனக் கணித்து, 1970களின் முற்பகுதியில் தொண்டு நிலையங்கள் ஓர் இயக்கத்தைத் தொடங்கின. அரசினர் பத்து இலட்சம் பவுண் உதவினர். 1975இல் பீபீசி நிறுவனம் ‘ஒன் த மூவ்’ என்னும் பத்து நிமிட நிகழ்ச்சியை ஞாயிறுதோறும் ஒளிபரப்பியது. அதிலே எழுதப் படிக்க அறியாத தொழிலாளியாக நடித்தவர் பொப் ஹொஸ்கின்ஸ். தம்மைப் போலவே பிறரும் உளர் என்பதைப் பலர் அதனாலேயே அறிந்து உதவி நாடினர். அக்காலத்திற் கற்பித்தோருட் பெரும்பாலார் குறுகிய காலப் பயிற்சி பெற்ற தொண்டர்களே. 1999இல் வெளிவந்த கிளவுஸ் மோசர் அறிக்கை, முதியோருள் ஐவரில் ஒருவர் பதினொரு வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்க்கும் எழுத்தறிவு தானும் இல்லாதவர் எனக் கூறியது. அதன் பயனாக 2001இல் ஒரு தேசியத் திட்டமும் முதியோர்க்கெனத் தனிப் பாடவிதானமும் எழுந்தன. ஆசிரியர்க்குச் சிறப்புத் தகைமையும் வேண்டப்பட்டது. 2007இல் விதிக்கப்பட்ட தகைமைச் சட்டவிதிகள் 2013இல் நீக்கப்பட்டனவாயினும், நெறிகளை நடத்திய கல்லூரிகள் விண்ணப்பகாரரைச் சோதித்தே சேர்த்துவந்தன.

சோதனை எங்கும் ஒரே வகையினதன்று. விண்ணப்பகாரர் மேற்பார்வையில் ஒரு சிறு கட்டுரை எழுதுதல், ஒரு பகுதியை வாசித்து அதன் நடையை ஆராய்தல், குழுவாக உரையாடுதல், தனியே வினாக்களுக்கு விடையிறுத்தல் என்பன வழக்கமானவை. கட்டுரை பற்றிப் பலர் வீணே அஞ்சுவர். அலங்கார நடை அங்கே வேண்டப்படுவதில்லை. கருத்து ஒழுங்காகச் செல்கின்றதா, எழுதியவர் தம் எழுத்தைத் தாமே மீளவாசித்துத் திருத்துகின்றாரா என்பனவே நோக்கப்படும்.

தேர்வின் மெய்யான களம் வேறொன்று. முதிய மாணாக்கர் ஒருவர் எழுதிய சில வரிகளைக் கொடுத்து, ‘இதிலே நீர் காண்பது யாது?’ என்று வினாவுவர். ஆங்கிலப் புலமை மிக்கார் பலர் இவ்விடத்தே தடுமாறுவர். அவர் கண்ணுக்குப் பிழைகள் மட்டுமே தோன்றும். ஓர் உதாரணத்தை நோக்குவோம். ‘நடந்தான்’ எனப் பொருள்படும் ‘வோக்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் ஈற்றில் ‘ஈ’, ‘டீ’ என்னும் இரண்டெழுத்தும் வரவேண்டியவிடத்து, மாணாக்கர் ‘ரீ’ என்னும் ஓரெழுத்தை இட்டிருக்கிறார். இதனைக் கவனக்குறைவு என்பார் விண்ணப்பகாரர். உண்மையோ மறுதலை. அவர் செவி நன்கு கவனித்திருக்கின்றது; அச்சொல்லின் ஈறு ‘ரீ’யின் ஒலியையே உடையது. இறந்தகாலங் காட்டும் அவ்வீறு, முன்னின்ற ஒலிக்கேற்ப மூவகையாய் ஒலிக்கும். எழுத்து மட்டும் மாறாது. தமிழர்க்கு இது புதுமையன்று. ‘கடல்’, ‘பகல்’, ‘தங்கம்’ என்னும் மூன்றிடத்தும் ககரம் வெவ்வேறாய் ஒலிப்பினும் ஓரெழுத்தாலேயே எழுதப்படும். ஆகவே அம்மாணாக்கர்க்கு வேண்டியது கண்டனமன்று, ஒரு விதியின் விளக்கம்.

அதே தாளில் ‘செட்’ என ஒலிக்கும் ‘சொன்னான்’ என்னும் பொருட்சொல்லை அவர் ‘எஸ்’, ‘ஈ’, ‘டீ’ என மூன்றெழுத்தால் எழுதியிருக்கலாம். இங்கே விதி உதவாது. அச்சொல்லின் வடிவத்தைப் பார்த்து, மறைத்து, எழுதி, ஒப்புநோக்கிப் பழகுதலே வழி. இனி, ‘நாங்கள் இருந்தோம்’ என்னும் பொருளில், பன்மை எழுவாய்க்குப் பின் ஒருமை வினையை வைத்து ‘வீ வொஸ்’ என அவர் எழுதியிருப்பின், அது எழுத்துப் பிழையே அன்று. இலண்டன் தொழிலாளர் வீடுகளில் வழங்கும் பேச்சுமொழி அது. வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது பொதுநடை வேறென்று காட்டல் வேண்டும். அவர் தாயின் பேச்சைப் பிழையெனத் தள்ளுதல் கூடாது. மூன்று வழுவுக்கும் மருந்து மூன்று. இவற்றைப் பிரித்தறியாது யாவற்றுக்கும் சிவப்பு மையால் ஒரே கோடு கீறுவேன் என்பவரைத் தேர்வாளர் ஐயத்துடனேயே நோக்குவர். எழுதியவர் சரியாகச் செய்தவை எவை என்பதையும் விண்ணப்பகாரர் சொல்லல் வேண்டும்: நிகழ்ச்சி முறைப்படி சொல்லப்பட்டிருக்கலாம், வாக்கியம் பெரிய எழுத்தில் தொடங்கி முற்றுப்புள்ளியில் முடிந்திருக்கலாம். பத்து வழு இருப்பினும் அன்றைக்கு ஒன்றிரண்டையே எடுத்துத் திருத்தலாம் என்று கூறுபவர், கற்பித்தலை அறிந்தவர்.

பாடப்பொருள் பற்றியும் வினா எழும். லொறி ஓட்டுபவரின் கையிலே பூனையும் பந்தும் வரைந்த பாலர் நூலைக் கொடுத்தல் அவரை அவமதிப்பதாகும். அவர் தம் வேலையைப் பற்றிச் சொல்லச் சொல்ல ஆசிரியர் எழுதி, அவ்வெழுத்தையே அவர்க்கு வாசிப்பு நூலாக்கும் முறை அங்கு நெடுங்காலம் கையாளப்பட்டது. சொல்லியவாறே எழுதுவதா, திருத்தி எழுதுவதா என்பதில் ஆசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. முதன்முறை அவர் சொல்லியவாறே எழுதுதலே தக்கது. தம் வாய்மொழியை ஏட்டிலே காணும் ஒருவர்க்கு, வாசிப்பின் பாதிச் சுமை அப்பொழுதே இறங்கிவிடும். விண்ணப்பகாரர் எப்பக்கம் நிற்பினும், மறுபக்கத்தின் நியாயத்தையும் அறிந்திருத்தல் நன்று.

‘இத்தொழிலை ஏன் விரும்புகிறீர்?’ என்பது தவறாது வரும் வினா. ‘சமூகத்துக்குத் தொண்டு செய்ய’ என்னும் விடை பொய்யன்று. ஆனால் அதனை யாவருஞ் சொல்வர். ஒரு வகுப்பிற் சில வாரம் துணைநின்று, அங்கே ஒருவர் ஏன் வாய்திறவாதிருந்தார், பின் எப்படித் திறந்தார் என்று கண்டதைச் சொல்பவரின் விடைக்கு நிறை அதிகம். ஆதலின் நேர்முகத்துக்கு முன் நூல்களைப் புரட்டுவதிலும் ஒரு வகுப்பைத் தேடிச் சென்று பின்வரிசையில் அமர்தல் பயன் தரும்.

முடிவில், ‘நீர் எம்மைக் கேட்க விரும்புவது உண்டோ?’ என்பர். பலர் ‘இல்லை’ என்று எழுந்துவிடுவர். கேட்கவேண்டியது உண்டு. 2007ஆம் ஆண்டு விதிகளின்கீழ் எழுந்த முழு டிப்ளோமா நெறிக்கு 150 மணிநேரக் கற்பித்தற் பயிற்சியும், 2013இல் அதனிடத்தே வந்த நெறிக்கு 100 மணிநேரமும் விதிக்கப்பட்டன. அம்மணிநேரங்களுக்குரிய வகுப்பைக் கல்லூரியே தேடித்தருமா, விண்ணப்பகாரரே தேடல் வேண்டுமா, அவ்வகுப்பில் அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் உடனிருப்பாரா என்பனவற்றை அங்கேயே கேட்டறிதல் வேண்டும். வகுப்புக் கிடையாமையால் நெறியை இடையில் விடநேர்ந்தால் இழப்பு அவர்க்கு மட்டுமன்று. அவரை நம்பி வாயிலை மிதித்தவர்க்கும் அதுவே இரண்டாவது பள்ளிக்கூடத் தோல்வியாய் முடியும்.