குண்டுக்கு ஏற்ற முறுக்கு! குழல் மாறினால் குறி தப்பும்

பம்பரத்தை வேகமாக விட்டால் நிமிர்ந்து நிற்கும். வேகம் குறைந்தால் தலையை ஆட்டும், பிறகு சாய்ந்துவிடும். துப்பாக்கிக் குண்டின் கதையும் இதுதான்.

ரைபிள் குழலின் உள்பக்கம், திருகாணியின் மரை போல வளைந்து செல்லும் வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு அவற்றில் அழுந்திச் சுழன்றபடியே வெளியே பாயும். ஒரு முழுச் சுற்றுக்குக் குழலில் எத்தனை அங்குலம் செல்கிறதோ, அதுவே அந்தக் குழலின் முறுக்கு. அங்குலம் குறையக் குறைய சுழற்சி அதிகம்.

'திரீ-நாட்-திரீ'

இந்தியப் போலீசார் பல ஆண்டுகள் தோளில் சுமந்த 'திரீ-நாட்-திரீ' ரைபிளை எடுத்துக்கொள்வோம். வங்காளத்தில் உள்ள இஷாப்பூர் தொழிற்சாலையிலும் இது தயாரானது. இதன் முறுக்கு 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டு நொடிக்குச் சுமார் 2,440 அடி வேகத்தில் கிளம்பும். அப்போது அது நொடிக்கு ஏறத்தாழ 2,900 முறை சுழல்கிறது!

எடையா, நீளமா?

கனமான குண்டுக்கு அதிகச் சுழற்சி வேண்டும் என்பார்கள். உண்மையில் கணக்கு நீளத்தைப் பொறுத்தது. குழலின் அகலம் மாறாது. ஆகவே எடை கூடினால் பெரும்பாலும் நீளம்தான் கூடும். நீண்ட குண்டைக் காற்று எளிதில் புரட்டிவிடும்.

'திரீ-நாட்-திரீ'யின் பழைய குண்டு 215 கிரெயின். 1910-ல் வந்த புதிய குண்டு 174 கிரெயின்தான். ஆனால் மூக்கில் இலேசான அலுமினியம் வைத்ததால் நீளம் குறையவில்லை. எடை குறைந்தும் பழைய முறுக்கே பொருந்தியது.

இதற்கு 1879-லேயே ஒரு சூத்திரம் தந்தவர் ஆங்கிலேயப் பேராசிரியர் கிரீன்ஹில். குண்டின் நீளம் அதன் விட்டத்தைப் போல் எத்தனை மடங்கு என்று பார்க்க வேண்டும். 150-ஐ அந்த எண்ணால் வகுத்து, விட்டத்தால் பெருக்கினால் தேவையான முறுக்கு கிடைக்கும். 174 கிரெயின் குண்டுக்குப் போட்டுப் பார்த்தால் 11 அங்குலம் சொச்சம் வரும். குழலில் இருப்பதோ 10. ஆகவே கவலை இல்லை.

அமெரிக்கா பட்ட பாடு

அமெரிக்காவின் எம்-16 ரைபிளுக்கு முதலில் இருந்தது 14 அங்குல முறுக்கு. குண்டு 55 கிரெயின். கடுங்குளிரில் காற்று அடர்த்தியானதும் குண்டு தள்ளாடியது. 1963-ல் முறுக்கை 12 அங்குலம் ஆக்கினார்கள்.

1980-ல் நேட்டோ நாடுகள் 62 கிரெயின் எடையுள்ள, இன்னும் நீண்ட குண்டை ஏற்றன. பழைய 12 அங்குலக் குழலில் அது நிலைகொள்ளவில்லை. புரண்டு சென்று, இலக்கில் பக்கவாட்டில் மோதியது. புதிய எம்-16 ஏ-2 ரைபிளுக்கு 7 அங்குல முறுக்கு வைத்தார்கள். பாதையைக் காட்டும் ஒளிக்குண்டு அதைவிட நீளமானது. அதற்கும் சேர்த்தே இந்த ஏற்பாடு.

இதில் ஓர் ஆபத்து உண்டு. புதிய தோட்டா பழைய ரைபிளிலும் பொருந்தும், வெடிக்கும். ஆனால் தூரத்து இலக்கில் குறி தப்பும். எதிரியின் முன் நிற்கும் சிப்பாய்க்குத் தவறு எங்கே என்றே தெரியாது. அதனால், பழைய ரைபிளில் புதிய தோட்டாவை அவசரத்தில், கிட்டத்து இலக்குக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்று அமெரிக்க ராணுவம் கட்டுப்பாடு விதித்தது.

ஆயுதக் கிடங்கில் எந்தப் பெட்டி எந்த ரைபிளுக்கு என்று சரியாக எழுதி வைக்கும் குமாஸ்தாவும் ஒரு சிப்பாயின் உயிரைக் காப்பவரே!