முறைமாற்று வேலையும் ஒருங்கமையும் ஓய்வும்

வைத்தியசாலையும் புகையிரதமும் மின்னிலையமும் இரவில் உறங்குவதில்லை. சீமெந்துத் தொழிற்சாலையின் சூளையை அடிக்கடி குளிரவிட்டுச் சூடேற்றுதல் பெருஞ்செலவாதலின், அதுவும் இரவுபகலாக எரிகின்றது. ஆகவே காலை, மாலை, இரவு என ஊழியர் குழுக்கள் மாறிமாறிப் பணிபுரிய வேண்டியுள்ளது. பேச்சு வழக்கில் 'ஷிப்ட்' எனப்படும் இம்முறைமாற்று வேலையிலும் ஒருவர் பெரும்பாலும் 8 மணிநேரமே உழைக்கின்றார். எஞ்சும் நேரமும் பகல் ஊழியருக்குரிய அளவினதே. அங்ஙனமாயின், உடற்பயிற்சிக்கும் பொழுதுபோக்குக்கும் நட்புக்கும் நேரமில்லையென அவர் வருந்துவதேன்? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற் காரணம் உடலியல் சார்ந்தது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள சிறு நரம்புக்கலத் தொகுதியொன்று ஏறக்குறைய 24 மணிநேரச் சந்தத்தில் இயங்கி, உறக்கம், உடல்வெப்பம், ஓமோன் சுரப்பு ஆகியவற்றை நெறிப்படுத்துகின்றது. இதனைப் புறவுலகோடு பொருத்துவது பெரும்பாலும் ஒளியே. இத்தகைய சந்தத்தின் மூலக்கூற்றுப் பொறிமுறையைப் பழ ஈக்களில் கண்டறிந்தமைக்காக ஜெப்ரி ஹோல், மைக்கல் ரொஸ்பாஷ், மைக்கல் யங் ஆகியோர் 2017 இல் நோபல் பரிசு பெற்றனர். இரவுக் கடமை முடித்தவர் காலை வெயிலில் வீடு திரும்புகையில், உடல் அதனை விழித்திருக்கும் வேளையென்றே உணர்கின்றது. அதனால் உறக்கம் குறுகிக் கலைகின்றது. ஓய்வின் ஒரு பகுதி களைப்பிலேயே கழிகின்றது.

இதற்குத் தனிமனித நிலையிற் பரிகாரங்கள் சில உள. இருண்ட, அமைதியான அறையில் உறங்குதல், இரவுக் கடமைக்கு முன் சிறுதுயில் கொள்ளல், கடும் உடற்பயிற்சியை விழித்தெழுந்தபின் மேற்கொள்ளல் என்பன அவை. வாசிப்பு, இசைப்பயிற்சி, தோட்டச் செய்கை என்பவற்றையும் எந்நேரத்திலும் தனித்தே செய்யலாம். ஆயின், கரப்பந்தாட்டக் குழுவும் நாடக ஒத்திகையும் நண்பர் சந்திப்பும் அத்தகையன அல்ல. அவற்றுக்கு வேண்டுவது ஓய்வு மட்டுமன்று. பிறரது ஓய்வோடு ஒருங்கமையும் ஓய்வாகும்.

1929 இல் சோவியத் ஒன்றியத்திற் புகுத்தப்பட்ட தொடர்வேலை வாரம் இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது. இயந்திரங்கள் ஒருநாளேனும் நில்லாதிருத்தற்பொருட்டுப் பொது விடுமுறையான ஞாயிறு கைவிடப்பட்டது. ஊழியர் ஐந்து குழுக்களாக வகுக்கப்பட்டு, ஒவ்வொரு குழுவும் நான்கு நாட்கள் உழைத்து ஐந்தாம் நாள் ஓய்ந்தது. விடுமுறை நாட்கள் முன்னரிலும் கூடின. எனினும், கணவனுக்கு ஒருநாளும் மனைவிக்கு வேறொருநாளும் விடுமுறை வாய்த்தமையால் மனக்குறை மலிந்தது. 1931 இல் பல துறைகளில் பொது ஓய்வுநாளுடைய ஆறுநாள் வாரம் இடம்பெற்றது. 1940 இல் ஞாயிறு விடுமுறை மீண்டது. ஓய்வு மிகுந்தும் ஒன்றுகூடல் அருகியமையே ஈண்டுக் கருதத்தக்கது.

எனவே, நேரத்தை ஒழுங்குபடுத்துமாறு ஊழியருக்கு மட்டும் அறிவுரை கூறல் போதாது. சர்வதேசத் தொழில் தாபனம் 1990 இல் நிறைவேற்றிய 171 ஆம் சமவாயம், இரவு வேலையாளர் தம் குடும்ப, சமூகப் பொறுப்புகளை நிறைவேற்ற உதவுதலையும் வலியுறுத்துகின்றது. கடமை அட்டவணையைப் பல வாரங்கள் முன்னரே அறிவித்தல், ஊழியர் தமக்குள் முறைமாற்றிக்கொள்ள இடமளித்தல், வார இறுதி விடுமுறையை அனைவருக்கும் சுழற்சியாக வழங்கல் ஆகியன நிருவாகத்தின் கடன். நண்பருக்கும் ஒரு கடன் உண்டு. மாலையில் வர இயலாதவரை மறவாது, ஓரோவழி அவரது காலைப் பொழுதுக்குத் தாம் இசைந்து செல்லுதலே அது.